எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை? – நடுவயதுப் பெண்களின் மருத்துவப் பரிசோதனை வளர்ந்த வரலாறு

சந்தாபுரா, அத்திபெலே, பொம்மசந்திரா வட்டாரத்தில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில், நாற்பதைத் தாண்டிய ஒரு தாயாரிடம் “கடைசியா எப்போ லேடி டாக்டரைப் பார்த்தீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “சின்னவன் பிறந்தப்போ” என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். அந்தச் சின்னவன் இப்போது எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பான். இன்னொரு பக்கம், கம்பெனி இன்ஷூரன்ஸ் உள்ள வீடுகளில் வருஷம் தவறாமல் ‘மாஸ்டர் செக்கப்’ என்று ஸ்கேன் முதல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரே தெருவில் இரண்டும் நடக்கிறது. இதில் எது சரி? உண்மையில் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை போனால் போதும்? இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் பதில் தேடிய கதை ஏறத்தாழ நூறு ஆண்டு நீளமுள்ளது. அந்தக் கதையின் ஒரு முக்கியமான அத்தியாயம் நம்முடைய திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் எழுதப்பட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நம் நாட்டில் பெண்களுக்கென்று தனி மருத்துவமனைகள் தோன்றியதே பிரசவத்துக்காகத்தான். ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்ற கட்டுப்பாடு எல்லாச் சாதிகளிலும் மதங்களிலும் இருந்த காலம் அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-ல் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப், 1885-ல் கோஷா பெண்களுக்கான மருத்துவமனையைச் சென்னையில் தொடங்கினார். அதுதான் இன்று திருவல்லிக்கேணியிலுள்ள கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. இங்கே பெங்களூரிலும் சிவாஜிநகர் கோஷா ஆஸ்பத்திரியும், 1935-ல் திறக்கப்பட்ட வாணி விலாஸ் ஆஸ்பத்திரியும் அதே வழியில் வந்தவை. தண்டு பகுதித் தமிழர்களில் பல தலைமுறை இந்த இரண்டில் ஒன்றில் பிறந்தவர்கள்தாம். தாய்மாரின் உயிரைக் காத்த இந்த மருத்துவமனைகளின் பெருமையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவற்றால் ஒரு மனப்பழக்கமும் ஊறிவிட்டது. பேறுகாலம் முடிந்தால் பெண்ணுக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள உறவு முடிந்தது என்பதுதான் அது. மாதவிலக்கு நிற்கும் வயதில் என்ன ஆனாலும், “இந்த வயசுல இதெல்லாம் சகஜம்” என்று பாட்டி சொன்னதைத்தான் அம்மாவும் சொன்னார், இன்று அக்காவும் சொல்கிறார்.

அந்தப் பழக்கத்தின் விலை என்ன என்பதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரம் அவரை விடவில்லை. மாதர் சங்கத்தின் துணையோடு பல ஆண்டுகள் நிதி திரட்டி, 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-ல் மறையும்வரை அதை விட்டுப் போகவில்லை. பெங்களூரில் கித்வாய் புற்றுநோய் நிலையம் 1973-ல் வந்தது. 1982-லிருந்து பெங்களூர், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களிலும் புற்றுநோய்ப் பதிவேடுகள் முறையாக வைக்கப்பட்டன. அந்த ஆரம்பகாலப் பதிவேடுகளில் சென்னை, பெங்களூர் இரண்டு ஊர்களிலுமே பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குத்தான். பேச்சு வழக்கில் கர்ப்பப்பை வாய் என்கிறோமே, அது. பின்னாளில் மார்பகப் புற்றுநோய் அதை முந்தியது. ஆனாலும் இன்றுவரை நம் பெண்களைக் கொல்லும் நோய்களில் அதுவும் ஒன்று. இதில் வேதனையான சேதி என்னவென்றால், முன்கூட்டியே கண்டு தடுக்கக்கூடிய புற்றுநோய்களில் இதுபோல் வேறொன்று அனேகமாக இல்லை.

தடுக்க முடியும் என்று காட்டியவர் ஒரு கிரேக்கர். கிமி என்ற சிற்றூரில் 1883-ல் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜார்ஜ் பாப்பனிக்கோலா. (இவரும் நம்மைப்போலப் பிழைக்கப் போனவர்தான்; ஆரம்பத்தில் நியூயார்க்கில் கம்பளம் விற்கும் கடையில்கூட வேலை பார்த்திருக்கிறார்.) பெண்ணின் உடலிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால், கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டறியலாம் என்று 1928-ல் ஒரு மாநாட்டில் சொன்னார். பெரிதாக யாரும் காதில் வாங்கவில்லை. அவருக்குச் சற்று முன்னரே ருமேனியாவில் ஆரெல் பாபேஷ் என்பவரும் இதையே கண்டிருந்தார். ட்ராட் என்ற மருத்துவரோடு சேர்ந்து பாப்பனிக்கோலா 1941-ல் கட்டுரையும் 1943-ல் நூலும் வெளியிட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. அவருடைய மனைவி ஆண்ட்ரோமாகி ஆண்டுக்கணக்கில் தம் உடலிலிருந்தே மாதிரி கொடுத்து ஆராய்ச்சிக்கு உதவினார். பரிசோதனைக்கு ‘பாப் ஸ்மியர்’ என்று கணவரின் பெயர்தான் நிலைத்தது.

சோதனை கிடைத்துவிட்டது. எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்வது? இதற்கு அப்போது யாரிடமும் ஆதாரமான பதில் இல்லை. அமெரிக்காவில் ‘வருஷம் ஒருமுறை’ என்று வைத்துக்கொண்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை என்பது நினைவில் வைக்க எளிது, டாக்டருக்கும் வருமானம், அவ்வளவுதான் அதிலிருந்த அறிவியல் என்று பின்னால் வந்தவர்கள் கேலிபேசியதுண்டு. அது முழுக்க நியாயமான பேச்சு இல்லை என்றாலும் முழுக்கப் பொய்யும் இல்லை. பின்லாந்து வேறு வழியில் போனது. 1960-களில் தொடங்கி, 30-லிருந்து 60 வயதுவரை உள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அரசாங்கமே கடிதம் எழுதிக் கூப்பிட்டது. ஆயுளில் மொத்தமே ஏழு சோதனைதான். அந்நாட்டில் இந்நோயால் ஏற்படும் சாவு காலப்போக்கில் சுமார் 80 சதவீதம் குறைந்தது.

இதைக் கணக்குப்போட்டுக் காட்டியது 1986-ல் வெளியான ஓர் ஆய்வு. பிரான்சில் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், பல நாடுகளின் பதிவேடுகளைத் திரட்டிப் பார்த்தது. 35 வயதிலிருந்து 64 வரை ஒரு பெண் ஆண்டுதோறும் பாப் ஸ்மியர் செய்துகொண்டால், அதாவது 30 சோதனை செய்தால், கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 93.5 சதவீதம் குறைகிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை, அதாவது பத்தே சோதனை செய்தால் 90.8 சதவீதம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்றால் 83.6. பத்தாண்டுக்கு ஒருமுறை, மொத்தம் மூன்றே மூன்று தடவை போனாலும் 64.1 சதவீதம் குறைகிறது. இந்த எண்களைச் சற்று நிதானமாகப் படிக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பத்துச் சோதனையை முப்பதாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது மூன்று சதவீதம்கூட இல்லை. ஆனால் ஒன்றுமே செய்யாதவள் மூன்று தடவை போனாலே பாதிக்கு மேல் ஆபத்து போய்விடுகிறது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் 1980-லேயே ‘வருஷா வருஷம்’ என்ற வழக்கத்தைக் கைவிட்டு, தொடர்ந்து சரியாக இருந்தால் மூன்றாண்டுக்கு ஒருமுறை போதும் என்று சொல்லியிருந்தது. அங்குள்ள மகப்பேறு மருத்துவர்களுக்கு அதை ஏற்றுக்கொள்ள வெகுகாலம் பிடித்தது.

இவ்வளவு இடைவெளி விட்டும் எப்படிப் பலன் கிடைக்கிறது? காரணம் அந்த நோயின் நிதானம். ஹியூமன் பாப்பிலோமா என்ற வைரஸ்தான் இதற்கு மூலம் என்று ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹாவுசன் 1980-களில் நிறுவினார்; 2008-ல் நோபல் பரிசும் பெற்றார். தாம்பத்தியத்தில் பரவும் இந்த வைரஸ் பெரும்பாலான பெண்களுக்கு ஏதோ ஒரு காலத்தில் வந்து, தானே ஓரிரண்டு ஆண்டில் போய்விடும். ஒருசிலருக்குத்தான் தங்கிவிடும். அப்படித் தங்கியது புற்றாக மாறப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். ஆகவே 30-ல் தொற்றியது 45-ல், 50-ல் தலைகாட்டுகிறது. நடுவயதில் சோதனை தேவைப்படுவதும் இதனால்தான். ஒரே ஒரு கணவரோடு ஒழுங்காக வாழ்ந்தவர்களுக்கும் வரலாம். இதில் நடத்தையைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை என்பதை வீட்டிலுள்ள ஆண்களும் தெரிந்துகொள்வது நல்லது.

இனி நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். பாப் ஸ்மியர் முறைக்கு ஆய்வுக்கூடம் வேண்டும், செல்களைப் படிக்கத் தேர்ந்த கண்கள் வேண்டும், முடிவு வரும்வரை காத்திருந்து அந்தப் பெண்ணை மறுபடி வரவழைக்க வேண்டும். களையெடுப்புக் கூலியை விட்டுவிட்டு ஒருநாள் வருகிற பெண் இரண்டாம் தடவை வருவாளா? பின்லாந்துபோலக் கடிதம் போட்டுக் கூப்பிட நம்மிடம் வசதியும் இல்லை. அதனால் எளிய முறை ஒன்றைச் சோதித்துப் பார்க்க முடிவாயிற்று. வினிகரிலுள்ள அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்ப்பது. கோளாறான இடம் இருந்தால் வெள்ளையாகத் திட்டுக் கட்டும். கண்ணாலேயே தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸே பார்த்துவிடலாம்.

காய்கறிச் சந்தைக்குப் பெயர்போன ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிளிக்கை என்று ஓர் ஊர். அங்குள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, லியோன் ஆய்வு நிறுவனம் ஆகியவை சேர்ந்து 2000-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் இந்த ஆய்வைத் தொடங்கின. முன்னின்று நடத்தியவர் டாக்டர் ஆர். சங்கரநாராயணன், லியோனுக்குப் போகும் முன் திருவனந்தபுரத்தில் பணியாற்றியவர். 114 ஊர்த்தொகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயதுவரையிலான 49,311 பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். மீதி 57 தொகுதிகளில் 30,958 பெண்கள் வழக்கமான மருத்துவ வசதியோடு அப்படியே விடப்பட்டார்கள்.

அழைக்கப்பட்டவர்களில் 31,343 பேர் வந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. உடம்பில் ஒரு வலியும் இல்லாமல், துணியை விலக்கி ஒரு நர்ஸிடம் காட்டச் சம்மதித்த முப்பத்தோராயிரம் கிராமத்துப் பெண்கள்! அந்த வட்டாரத்தின் கூச்சத்தை அறிந்தவர்களுக்கு இந்த எண்ணின் கனம் தெரியும். பத்தில் ஒருவருக்கு, சரியாகச் சொன்னால் 3,088 பேருக்கு, வெள்ளைத் திட்டுத் தெரிந்தது. அவர்களுக்கு மேற்கொண்டு பரிசோதனை செய்து, 1,874 பேருக்குப் புற்றாக மாறக்கூடிய கோளாறு இருப்பதைக் கண்டு, அவர்களில் 72 சதவீதம் பேருக்குச் சிகிச்சையும் தந்தார்கள். பலருக்குக் கடுங்குளிரால் அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையே போதுமாயிருந்தது; அதையும் நர்ஸ்களே செய்தார்கள்.

ஆயுளில் ஒரே ஒரு தடவை செய்த சோதனை. 2006 வரை பின்தொடர்ந்து பார்த்ததில், அழைக்கப்பட்ட ஊர்களில் நோய் வந்தது 25 சதவீதம் குறைவு, சாவு 35 சதவீதம் குறைவு. வராமல் வீட்டிலிருந்துவிட்ட பெண்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. 2007-ல் ‘லான்செட்’ இதழில் இது வெளியானதும் உலகின் ஏழை நாடுகளெல்லாம் இதை மேற்கோள் காட்டின.

மகாராஷ்டிரத்தில் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1999-ல் தொடங்கிய இன்னோர் ஆய்வு, வைரஸையே நேராகத் தேடும் சோதனையை முயன்றது. அங்கும் ஒரே தடவைதான். எட்டாண்டில் சாவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா மருத்துவமனை இரண்டாண்டுக்கு ஒருமுறை அமிலச் சோதனை நடத்தி, 31 சதவீதம் சாவைக் குறைத்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் அது வரலாறு ஆகாது. திண்டுக்கல்லில் சோதனைக்கு அழைக்கப்படாத ஊர்களில் 92 பெண்கள் இந்த நோயால் இறந்தார்கள். உஸ்மானாபாத்தில் அப்படி விடப்பட்டவர்களில் 64 பேர். பலன் உண்டென்று உலகுக்கே தெரிந்த ஒரு பாதுகாப்பை ஒரு பகுதியினருக்குத் தராமல் ஒப்பிட்டுப் பார்த்தது அறமா என்று பின்னாளில் கடுமையான விவாதம் எழுந்தது. அந்த ஊர்களில் முன்பும் எந்தச் சோதனையும் இருந்ததில்லை, இல்லாத ஒன்றை யாரும் பறிக்கவில்லை என்று ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள். அமிலச் சோதனை இங்கே பலிக்குமா என்பது அன்று நிச்சயமில்லை என்பதும் உண்மைதான். எனக்கு இந்தப் பதில் முழுத் திருப்தி தரவில்லை. நியூயார்க்கிலோ லியோனிலோ இப்படி ஒரு பிரிவை வைத்திருக்க முடியுமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. எப்படியிருந்தாலும், ‘நமக்கு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை’ என்ற கேள்விக்கு இன்று இருக்கும் பதிலின் ஒரு பகுதி அந்தப் பெண்கள் கொடுத்தது.

அந்தப் பதில் என்ன? தமிழ்நாட்டில் 2007-ல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிய அரசுத் திட்டம் 2012-லிருந்து மாநிலம் முழுவதும் பரவியது. 2016-ல் மத்திய அரசு வகுத்த நெறிமுறைப்படி, 30 முதல் 65 வயதுவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை கருப்பை வாய்க்கு அமிலச் சோதனை. கூடவே மார்பகத்தைக் கையால் பார்க்கும் சோதனையும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இன்னும் ஒருபடி மேலே போய், முடிந்தால் வைரஸ் சோதனையே செய்யுங்கள், அது சரியாக இருந்தால் 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை போதும். இல்லாவிட்டால் பாப் ஸ்மியரோ அமிலச் சோதனையோ மூன்றாண்டுக்கு ஒருமுறை என்றது. இதில் நடுவயதினர் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. மாதவிலக்கு நின்றபின், கோளாறு தோன்றும் பகுதி கருப்பை வாயின் உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து அமிலம் தடவிப் பார்த்தால் சரியாகத் தெரியாது. ஆகவே ஐம்பதை ஒட்டியவர்களுக்கு வைரஸ் சோதனையோ பாப் ஸ்மியரோதான் பொருத்தம். எச்.ஐ.வி. உள்ளவர்களும், முன்பு ஏதாவது கோளாறு கண்டவர்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் இன்னும் அடிக்கடி போக வேண்டும்.

நெறிமுறை இருக்கட்டும், நடப்பு என்ன? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30-லிருந்து 49 வயதுள்ள பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் இந்தியா முழுவதும் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8. கர்நாடகத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. அத்திபெலே செக்போஸ்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த நம் பெண்கள், பத்தில் ஒருவர் என்ற இடத்திலிருந்து நூற்றில் ஒருவர்கூட இல்லாத இடத்துக்கு வந்திருக்கிறார்கள். ஊரிலுள்ள ரேஷன் கார்டில் பெயர், இங்கே வாடகை வீடு; அங்குள்ள கிராம நர்ஸின் நோட்டில் ‘வெளியூர்’, இங்குள்ள ஆஷா பணியாளரின் நோட்டில் பெயரே இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு அந்தக் கார்டு, இங்குள்ள திட்டத்துக்கு இந்தக் கார்டு. பொம்மசந்திராவில் பெரிய மருத்துவ நகரமே இருக்கிறது, ஆனேக்கல்லில் தாலுகா ஆஸ்பத்திரி, ஓசூர் ரோட்டிலேயே நேரே போனால் கித்வாய். இவ்வளவும் பக்கத்தில் இருந்தும், கார்மெண்ட்ஸ் பஸ்ஸில் காலையில் ஏறி இரவில் இறங்கும் ஒரு பெண்ணுக்கு எதுவும் பக்கத்தில் இல்லை.

அந்தப் பக்கம் அப்படியென்றால், வருஷா வருஷம் பேக்கேஜ் எடுப்பவர்களிடமும் ஒரு வார்த்தை. உடம்பில் தொந்தரவே இல்லாதவர்கள் சினைப்பைப் புற்றுநோய்க்காக ஆண்டுதோறும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வதால் பலன் உண்டா என்று பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களிடம் பல ஆண்டு பார்த்தார்கள். 2021-ல் வந்த முடிவு: சாவு குறையவில்லை. தேவையற்ற ஸ்கேனில் தெரியும் சாதாரண நீர்க்கட்டிக்குப் பயந்து அறுவைக்குப் போகிறவர்கள்தாம் அதிகம். ‘எதுக்குத் தொல்லை, எடுத்துடுங்க’ என்று கர்ப்பப்பையையே எடுத்துவிடும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, 2019-ல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களைப் பற்றி வெளிவந்த செய்திகளே சாட்சி. மார்பகத்தின் விஷயம் வேறு. மும்பையில் இருபது ஆண்டு நடந்த ஆய்வில், இரண்டாண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற பணியாளர் கையால் பார்த்ததிலேயே, 50 வயதைத் தாண்டியவர்களிடம் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. அதற்கு மிஷின்கூட வேண்டியதில்லை.

மேலே சொன்ன மூன்று, ஐந்து, பத்து எல்லாம் ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கான கணக்கு. தாம்பத்தியத்துக்குப் பின் ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், மார்பில் கட்டி, இவற்றுக்குத் தவணை கிடையாது. எல்லாவற்றையும்விட, மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே போக வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும்; அதை டாக்டர் சொல்லட்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது சராசரியாக 46, 47 வயதில். ஐம்பத்திரண்டில் மறுபடி வந்தால் அது ‘திரும்ப வந்த தீட்டு’ இல்லை. பாஷை தெரியாதே என்று தயங்கும் தாய்மார்களுக்கு: கன்னடத்தில் மாதவிலக்கை ‘முட்டு’ என்பார்கள், கருப்பையை ‘கர்ப்பகோச’ என்பார்கள். கவுன்டரில் சீட்டு எழுதும் பெண்ணிடம் ‘முட்டு நிந்த மேலெ ரக்த ஹோக்தா இதெ’ என்று சொன்னால் போதும். எந்த அறைக்கு அனுப்ப வேண்டுமென்று அவருக்குத் தெரியும்.